வாசகர் கேள்வி – பதில்: பெராக்சைடும் குளோரினும் தரும் ஒளி

சென்ற இதழில், மின்சாரத்தால் அல்லாமல் வேதிவினை வெளியிடும் ஆற்றலால் இயங்கும் லேசர்களைப் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். குளோரினையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கொண்டு இயங்கிய லேசரை அமெரிக்கர்கள் ஒரு விமானத்தில் ஏற்றினார்கள் என்றும், இத்தகைய லேசர்களின் பயனுறுதிறனை உயர்த்துவதற்காகப் பல நாடுகளில் பல்லாண்டு ஆய்வு நடந்தது என்றும் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அந்தப் பத்திக்கு வந்த கடிதங்களைப் பார்த்தபின் இந்த மாதம் வேறு கேள்விகளை எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. நாய்க்குட்டிக்கு உண்ணி, தென்னைக்கு வெள்ளை ஈ முதலியவற்றைப் பற்றி எழுதியவர்கள் பொறுத்தருள வேண்டும். அவை அடுத்த இதழில் வரும்.

எங்கள் அப்பாரு நொய்யல் கரையில் சிமெண்ட் தொட்டி வைத்துப் பிளீச்சிங் செய்தவர். பிளீச்சிங் பவுடரில் வெளுத்த துணியில் மிச்சமிருக்கும் குளோரினை முறிக்கப் பெராக்சைடு விடும்போது, இருட்டில் பார்த்தால் தொட்டி ஒரு நொடி சிவந்து அடங்கும் என்பார். அவர் சொன்னதும் நீங்கள் எழுதிய விமான லேசரும் ஒரே சமாச்சாரமா?
– சாயப்பட்டறைப் பணியாளர், திருப்பூர்

ஒரே சமாச்சாரம்தான். உங்கள் அப்பாரு சொன்னதைக் கதை என்று யாரும் தள்ள வேண்டியதில்லை. தொட்டியில் இருக்கும் நீர்த்த கரைசலில் அந்த ஒளி மிக மங்கலாகவே இருந்திருக்கும். நல்ல இருட்டும் இருட்டுக்குப் பழகிய கண்ணும் வேண்டும். அடர்ந்த பெராக்சைடில் காரம் சேர்த்து அதற்குள் குளோரின் வாயுவைச் செலுத்தினால் ஐயத்துக்கே இடமிராது. கல்லூரி ஆய்வகத்தில், புகைபோக்கி அறையைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டி, மாணவர்களுக்கு இதைச் சில முறை காட்டியிருக்கிறேன். குழாயின் நுனியில் குமிழி விடத் தொடங்கியதும், சாம்பல் பூத்த அடுப்புக் கரியை ஊதினால் தெரியுமே, அந்தச் சிவப்பு தோன்றும். குமிழியோடு மேலே ஏறும். பரப்பை அடைந்ததும் மறையும். கண்ணாடிக் குழாயோ பனிக்கட்டித் தொட்டிக்குள் சில்லென்று இருக்கும். முதல் முறை காட்ட முயன்றபோது எனக்கு ஒளியே வரவில்லை. இடுக்கியிலிருந்து விழுந்த துரு பெராக்சைடைச் சிதைத்து வெறும் நுரையாகப் பொங்கவைத்துவிட்டது. துரு பட்ட இடத்தில் பனியன் துணி பொத்தலாவதைப் பார்த்த உங்களுக்கு அந்தக் குறும்பு புதிதாக இராது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: பட்டறையில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். குளோரின் கசிவை நேரில் கண்டவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சிவப்புக்கு உரியது சிங்லெட் ஆக்சிஜன் எனப்படும் கிளர்ந்த ஆக்சிஜன் மூலக்கூறு என்பதைக் கான், காஷா என்ற இருவர் 1963-ல் விளக்கினார்கள். தனித்து நிற்கும் ஒரு மூலக்கூறு தன் ஆற்றலை வெளியிட்டால் அது 1.27 மைக்ரான் அலைநீளத்தில், நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பாகவே வெளிப்படும். இரண்டு மூலக்கூறுகள் மோதி, இருவர் பங்கையும் சேர்த்து ஒரே ஃபோட்டானாகக் கொடுக்கும்போது அலைநீளம் பாதியாகி, 634 நானோமீட்டரில் சிவப்பாகத் தெரிகிறது. விமான லேசரின் எரிபொருள் இந்த மூலக்கூறுதான். அது தன் ஆற்றலை அயோடின் அணுக்களுக்குக் கைமாற்ற, லேசர் ஒளியை அவை தருகின்றன; ஆக்சிஜன்–அயோடின் லேசர் என்ற பெயர் அதனால் வந்தது.

இனி, பயனுறுதிறனைப் பற்றிய பேச்சு இங்கேயே தொடங்கிவிடுகிறது. வாயு நிலையில், யாரும் தொந்தரவு செய்யாமல் விட்டால், சிங்லெட் ஆக்சிஜன் தன் ஆற்றலை ஒரு மணி நேரத்துக்கும் மேல் கைவிடாமல் வைத்திருக்கும். தண்ணீருக்குள் அதன் ஆயுள் மூன்று, நான்கு மைக்ரோவிநாடிகளே. அவ்வளவு நேரத்தில் அது நீருக்குள் நகரக்கூடிய தூரம் ஏறத்தாழ 100 நானோமீட்டர். தலைமயிரின் தடிமனில் சில நூற்றில் ஒரு பங்கு. எனவே திரவத்தின் மேற்பரப்பை ஒட்டிய அந்த மெல்லிய படலத்துக்குள் பிறந்த மூலக்கூறு மட்டும் தப்பித்து வாயுவுக்கு வரும். அதற்குக் கீழே பிறந்ததெல்லாம் சூடாக மாறிக் கரைசலோடு போகும். எவ்வளவு பெராக்சைடு ஊற்றுகிறோம் என்பதைவிட, எவ்வளவு பரப்பைக் குளோரினுக்குக் காட்டுகிறோம் என்பதே முக்கியமாகிறது.

அமெரிக்க விமானப் படையின் நியூ மெக்சிகோ ஆய்வகத்தில் 1977-ல் முதன்முதலாக இந்த லேசர் எரிந்தபோது, நான் கண்ணாடிக் குழாயில் செய்ததைப் போலவே கரைசலுக்குள் குமிழி விட்டார்கள். கிடைத்த ஒளி 4 மில்லிவாட். கடைத்தெருவில் சிறுவர்கள் சுவரில் அடித்து விளையாடும் சிவப்புப் புள்ளியின் அளவு. பிறகு, பெராக்சைடு தொட்டிக்குள் பாதி முங்கிச் சுழலும் தட்டு வரிசைகள் வந்தன. தட்டின் ஈரப் படலம் மேலே வந்து குளோரினைச் சந்தித்துவிட்டு மறுபடி முங்கிப் புதுப்பித்துக்கொள்ளும். அதன் பின், ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியாகக் கரைசலை மெல்லிய தாரைகளாகப் பாய்ச்சி அவற்றுக்கு இடையே குளோரினைச் செலுத்தும் தாரை வகைக் கருவி ரஷ்யாவின் சமாரா நகர ஆய்வாளர்களின் கைவண்ணத்தில் வளர்ந்தது. தாரையின் நன்மை அதன் பரப்பில் மட்டும் இல்லை. குளோரினோடு வினைபுரிவது பெராக்சைடின் எதிர்மின் அயனி. மேற்பரப்பில் அது தீர்ந்துபோனால் குளோரின் உள்ளே ஊடுருவி ஆழத்தில் வினைபுரியும், அங்கே பிறக்கும் சிங்லெட் ஆக்சிஜன் வீணாகும். தாரையிலோ விழுந்துகொண்டே இருப்பதால் மேற்பரப்பு ஒவ்வொரு கணமும் புதியது. இவ்வகைக் கருவிகளில் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட குளோரின் வினைபுரிந்துவிடுகிறது.

உங்கள் தொழிலுக்கு நேர்மாறான ஒரு சங்கதியும் உண்டு. நீங்கள் பெராக்சைடு பிளீச்சிங்கைக் கொதிநிலைக்கு அருகில் நடத்துகிறீர்கள். லேசர்க்காரர்கள் அதே காரப் பெராக்சைடை உறைநிலைக்கும் பத்து, இருபது டிகிரி கீழே வைத்திருக்கிறார்கள். சூடேறினால் பெராக்சைடு தானாகச் சிதையும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் நீராவி. அது வாயுவோடு சேர்ந்து லேசருக்குள் புகுந்தால், பின்னால் வரும் அயோடின் அணுக்களின் கிளர்ச்சியை அணைத்துவிடும். குளிர்ந்த கரைசலின் மேல் நீராவி குறைவு. வினையில் உண்டாகும் உப்பும் தொல்லைதான். பொட்டாசியம் குளோரைடு படிந்து நுண்துளைகளை அடைக்கும். பொட்டாசியம், சோடியம், லித்தியம் ஆகிய மூன்றின் ஹைட்ராக்சைடுகளையும் கலந்து பயன்படுத்தி அந்தப் படிவைத் தள்ளிப்போடக் கற்றுக்கொண்டார்கள்.

இவ்வகை லேசரின் பயனுறுதிறன் 25 முதல் 30 சதவீதம் என்று படித்தேன். ஃபைபர் லேசர் தான் வாங்கும் மின்சாரத்தில் 40 சதவீதத்தை ஒளியாக்குகிறது. அப்படியானால் வேதி லேசர் மட்டமானதுதானே? மேலும், அந்த 25 என்பது எதில் 25?
– பொறியியல் மாணவி, பெருந்துறை

கடைசியில் கேட்டீர்களே, அதை முதலில் கேட்டிருக்க வேண்டும். கணக்கைக் குளோரினிலிருந்து தொடங்குவது இத்துறையின் வழக்கம். ஒரு மோல் குளோரின், அதாவது 71 கிராம், முழுவதும் வினைபுரிந்து ஒரு மோல் சிங்லெட் ஆக்சிஜனைக் கொடுத்து, அதன் ஒவ்வொரு மூலக்கூறும் லேசரின் அலைநீளமான 1.315 மைக்ரானில் ஒரு ஃபோட்டானாக மாறினால் கிடைக்கும் ஆற்றல் 91 கிலோஜூல். ஆகவே, விநாடிக்கு ஒரு மோல் குளோரின் செலவானால் 91 கிலோவாட் என்பது நூறு சதவீதம். அதில் சுமார் 23 கிலோவாட் வந்தால் 25 சதவீதம். பெராக்சைடைத் தயாரிக்க ஆன செலவு, அதைக் குளிர்விக்க ஆன மின்சாரம், வெற்றிடம் உண்டாக்கும் பம்புகள் இவற்றில் எதுவும் இந்தக் கணக்கில் சேராது. அந்த 25-ஐ ஃபைபர் லேசரின் 40-க்குப் பக்கத்தில் வைப்பது, கிணற்று மோட்டாரின் யூனிட்டையும் உழவு டிராக்டரின் டீசலையும் ஒரே பத்தியில் எழுதிக் கூட்டுவதற்கு ஒப்பாகும்.

ஆயினும் அந்த எண்ணைச் சிறியது என்று அலட்சியப்படுத்த முடியாது. ஒரு மெகாவாட் ஒளி வேண்டுமென்றால், 25 சதவீதத்தில் விநாடிக்கு 44 மோல், அதாவது 3 கிலோவுக்குச் சற்று மேல் குளோரின் வேண்டும். 30 சதவீதத்தில் 2.6 கிலோ போதும். விநாடிக்கு அரை கிலோ மிச்சம். அதற்கு இணையாகப் பெராக்சைடு, காரம், அவற்றைச் சுமக்கும் தொட்டி, வாயுவை வெளியேற்றும் கருவி எல்லாமே சிறுக்கும். ஐந்து சதவீதத்துக்காக ஓர் ஆய்வாளர் தம் பணிக்காலம் முழுவதையும் செலவிட்டது இதற்காகத்தான்.

மீதி எங்கே போகிறது என்பதற்குக் கீழ்பவானி வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். பவானிசாகரில் திறந்துவிடும் தண்ணீர் அப்படியே கடைமடைக்குப் போய்ச் சேருவதில்லை, வழியெல்லாம் கசிவு. (வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் போடலாமா கூடாதா என்ற வழக்கை இங்கே இழுக்க மாட்டேன், எனக்கு இரண்டு பக்கமும் உறவினர் உண்டு.) அதோடு, கொப்பு வாய்க்காலின் மதகுக்கு ஓர் அடிமட்டம் இருக்கிறது. அந்த மட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர், எவ்வளவு நாள் நின்றாலும், வயலுக்கு ஏறாது.

ஆக்சிஜன்–அயோடின் லேசரிலும் அப்படி ஓர் அடிமட்டம் உண்டு. சிங்லெட் ஆக்சிஜன் தன் ஆற்றலை அயோடின் அணுவுக்குக் கொடுக்கும். அயோடின் அதைத் திருப்பியும் கொடுக்கும். இந்தக் கொடுக்கல் வாங்கல் சமநிலையில் நிற்கும்போது, கிளர்ந்த அயோடின் அணுக்களின் எண்ணிக்கை கிளராதவற்றின் பாதியைத் தாண்டினால்தான் ஒளி பெருகும். அதற்கு அறை வெப்பநிலையில், மொத்த ஆக்சிஜனில் ஏறத்தாழ 15 சதவீதம் சிங்லெட் நிலையிலேயே எஞ்சி நிற்க வேண்டும். அந்த 15-ஐ எடுத்துச் செலவழிக்க முடியாது. மதகுக்குக் கீழே தேங்கிய தண்ணீர் அது. வாயுவை 200 கெல்வினுக்குக் குளிர்வித்தால் அந்த அடிமட்டம் 8 சதவீதமாகத் தாழ்கிறது. 150 கெல்வினில் 5-க்கும் கீழே போய்விடுகிறது.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்கள் என் வசதிக்கு எடுத்துக்கொண்டவை. கருவியை விட்டு வெளிவரும் ஆக்சிஜனில் 60 சதவீதம் சிங்லெட் நிலையில் இருக்கட்டும். அயோடின் மூலக்கூறுகளை உடைப்பதற்கு அதில் ஏழரை போகட்டும். வாயு 200 கெல்வினில் இருந்தால் அடிமட்டம் 8. மிஞ்சுவது நாற்பத்து நாலரை. வினைபுரிந்த குளோரின் 90 சதவீதம் என்றால் அது 40 ஆகும். கலப்பதிலும், ஆடிகளுக்கு இடையிலிருந்து ஒளியைப் பிரித்தெடுப்பதிலும் சேர்த்து மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் போய், 70 சதவீதம் கைக்கு வந்தால், முடிவு 28. அதே கணக்கை அறை வெப்பநிலையில் போட்டால் 24-க்கும் கீழே. இந்தப் பட்டியலில் எந்த எண்ணைத் திருத்தினால் எவ்வளவு கூடும் என்று நீங்களே மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஆய்வுக் கட்டுரைகளில் பாதி அதுதான். இஸ்ரேலின் பென்–குரியன் பல்கலைக்கழக ஆய்வகத்தில், சிறிய அளவில் செய்த ஒரு லேசரில் 40 சதவீதத்தை ஒட்டி வந்திருக்கிறார்கள். பெரிய இயந்திரத்தில் அதே எண்ணை எட்டுவது வேறு கதை.

ஆற்றல் ஆக்சிஜனிடம் இருக்கும்போது நடுவில் அயோடின் எதற்கு? தரகர் இல்லாமல் முடிக்க முடியாதா?
– மஞ்சள் வியாபாரி, ஈரோடு

இந்தச் சந்தையில் முடியாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆற்றலைப் பிடித்துவைத்திருக்கும் குணமே ஆக்சிஜனின் பலமும் பலவீனமும். அவ்வளவு தயங்கி ஒளியைக் கொடுப்பதிலிருந்து லேசருக்கு வேண்டிய ஒளிப் பெருக்கம் கிடைக்காது. அயோடின் அணுவோ விநாடியில் எட்டில் ஒரு பங்குக்குள் ஒளியைக் கொடுத்துவிடும். இரண்டின் ஆற்றல் மட்டங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் மூன்றரை சதவீதமே என்பதால் கைமாறுவதும் நொடிக்குள் முடிகிறது. மூன்றரை சதவீதம் தரகு என்றால் உங்கள் சந்தையில் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. இயற்பியலில் அது இலவசம் என்றே கொள்ளப்படும்.

தரகைவிடப் பெரிய செலவு தரகரை எழுப்பி உட்காரவைப்பதில் இருக்கிறது. அயோடின் நமக்குக் கிடைப்பது இரண்டு அணுக்கள் பிணைந்த மூலக்கூறாக. அந்தப் பிணைப்பை உடைக்க 1.54 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். ஒரு சிங்லெட் ஆக்சிஜனிடம் இருப்பது 0.98. ஆகவே குறைந்தது இரண்டு வேண்டும். நடப்பில், படிப்படியாக உடையும் வழியில் பல மோதல்கள் வீணாவதால், ஓர் அயோடின் மூலக்கூறுக்கு நான்கு முதல் ஆறு வரை போகும் என்று நெடுங்காலம் கணக்கிட்டு வந்தார்கள். மேலே மாணவிக்குச் சொன்ன ஏழரை இதுதான்: ஆக்சிஜனில் ஒன்றரை சதவீத அளவுக்கு அயோடின், ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆக்சிஜன். அயோடினைக் கூட்டினால் இந்தச் செலவு கூடும். குறைத்தால் ஆற்றலை வாங்கக் கை போதாமல் ஆக்சிஜன் பயன்படாமலே வெளியேறும். அயோடினை முன்கூட்டியே அணுக்களாக்கி உள்ளே விட்டால் இந்தச் செலவு மிச்சமாகும் என்பதால், மின் இறக்கத்தின் மூலம் உடைப்பது, வேறு வேதிவினைகளால் அணுவாகவே உண்டாக்குவது எனப் பல வழிகள் முயலப்பட்டன. பிராக் நகர ஆய்வாளர்கள் இரண்டாவது வழியில் நெடுங்காலம் உழைத்தார்கள். வேலை செய்கிறது. கூடுதலாக ஒரு கருவித் தொகுதியைச் சுமக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் அதன் வில்லங்கம்.

கரண்ட் இல்லாமல் ஓடும் லேசர் என்கிறீர்கள். எங்கள் ஊருக்கு ஒன்று அனுப்பிவைக்க இயலுமா? மாதாந்திரப் பராமரிப்பு நாளில் உதவும்.
– தாராபுரம்

அதன் குளிரூட்டியையும் பம்புகளையும் ஓட்டக் கரண்ட் வேண்டும்.

பம்பு உதிரிபாகங்களுக்கான வார்ப்பும் கடைசலும் செய்துவருகிறோம். இத்தகைய லேசருக்குள் வாயு ஒலியை மிஞ்சிய வேகத்தில் ஓடுவதாகவும், அதற்குச் சிறப்பு நாசில்கள் உண்டு என்றும் கேள்விப்பட்டோம். வேகத்துக்கும் பயனுறுதிறனுக்கும் என்ன தொடர்பு?
– பட்டறை உரிமையாளர், கணபதி, கோவை

நான்கு தொடர்புகள் உண்டு. அவற்றுள் நான்காவது உங்களுக்கு மிகவும் பழக்கமானது.

குறுகி விரியும் நாசிலின் வழியாக வாயு விரியும்போது குளிர்கிறது. மதகின் அடிமட்டம் தாழ்வது இந்தக் குளிர்ச்சியால்தான். 150 முதல் 200 கெல்வின் வரை குளிர்விக்கத் தனியாகக் குளிரூட்டி வைக்க வேண்டியதில்லை, விரிவே அதைச் செய்துவிடும். அடுத்தது நேரம். ஆக்சிஜன் வாயு நிலையில் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் என்றது தனித்திருந்தால் மட்டும். நெருக்கடியான குழாயில் ஒன்றோடொன்று மோதியும், சுவரில் மோதியும், அயோடினைச் சந்தித்தபின் நீராவியோடு மோதியும் ஆற்றல் கழன்றுகொண்டே இருக்கும். கருவியிலிருந்து ஆடிகள் வரையுள்ள தூரத்தை எவ்வளவு விரைவாகக் கடக்கிறதோ அவ்வளவு ஆற்றல் மிஞ்சும். மூன்றாவது, கழிவு வெப்பம் வாயுவோடு சேர்ந்து வெளியே போய்விடுகிறது. திடப்பொருள் லேசர்களில் படிகம் சூடேறி ஒளிக்கற்றையின் ஒழுங்கு கெடுவது பெரும்பாடு. இங்கே சூடான பொருள் அடுத்த மில்லிவிநாடியில் இயந்திரத்துக்குள்ளேயே இராது.

விரைவுக்கு ஒரு விலையும் உண்டு. நாசில் தகடுகளில் ஊசிமுனைத் துளைகள் இட்டு அவற்றின் வழியே அயோடினைக் குறுக்காகப் பீய்ச்சுகிறார்கள். ஒலியை மிஞ்சிய வேகத்தில் ஓடும் வாயுவோடு மற்றொரு வாயு கலப்பது எளிதன்று. தாரை ஆழமாகப் பாயாவிட்டால் ஓடையின் நடுப்பகுதி அயோடினைக் காணாமலே போய்விடும். அதிகமாகப் பாய்ந்தால் எதிர்ப்பக்கத் தாரையோடு மோதிக் கொந்தளித்து வாயுவைச் சூடாக்கும், அடிமட்டம் மறுபடி உயரும். துளையின் விட்டம், சாய்வு, வரிசைகளுக்கு இடையிலான தூரம் இவற்றில் மில்லிமீட்டரின் பின்னங்களை மாற்றி மாற்றிப் பார்த்ததில்தான் சதவீதங்கள் கூடின. கடைசல் பட்டறையில் இருப்பவருக்கு இதில் ஒரு பெருமை இருக்கலாம்: வேதியியல் தந்த ஆற்றலைக் காப்பாற்றியதில் பாதிப் பங்கு துளையிட்டவருக்கு.

இனி நான்காவது. ஆடிகளுக்கு இடையில் வாயுவின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. அந்த வாயுவை வெளியே தள்ள வேண்டும். ஆய்வகத்தில் பெரிய வெற்றிடத் தொட்டியும் பம்புகளும் வைத்துக்கொள்ளலாம்; நகரும் வாகனத்தில் அது ஆகாது. முதலில், வேகமாக ஓடும் வாயுவை விரிகுழாய் ஒன்றில் மெதுவாக்கினால் வேகம் அழுத்தமாகத் திரும்புகிறது. இதை அழுத்த மீட்பு என்கிறார்கள். மீதிக்கு எஜெக்டர். நம் பக்கத்துத் தோட்டங்களில் ஆழ்கிணற்றிலிருந்து ஜெட் பம்பு தண்ணீரை இழுக்கும் அதே தத்துவம்: ஒரு வேகமான தாரை பக்கத்தில் இருப்பதை இழுத்துக்கொண்டு போகும். ஜெட் பம்புக்கு மேலிருந்து அனுப்பும் தண்ணீர் எவ்வளவு, கூடுதலாகக் கிடைப்பது எவ்வளவு என்ற கணக்கு உங்களுக்குத் தெரியும். லேசரிலும் எஜெக்டரை ஓட்டும் வாயுவின் எடை, லேசர் வாயுவின் எடையை விட மிகுந்துவிடும். குளோரின் கணக்கில் பயனுறுதிறன் எவ்வளவு உயர்ந்தாலும், இயந்திரம் முழுவதையும் தராசில் வைத்தால் முள்ளைச் சாய்ப்பது இந்தப் பகுதிதான். வினையில் சேராமல் உடன் ஓடும் துணை வாயுவாக ஹீலியத்துக்குப் பதில் நைட்ரஜனைக் கொள்வது, துணை வாயுவையே குறைப்பது, திரவ நைட்ரஜனால் குளிர்ந்த ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமப் படுகையில் வெளியேறும் வாயுவை உறிஞ்சவைப்பது எனப் பல வழிகள் ஆராயப்பட்டதற்கு இந்த எடையே காரணம். என் எண்ணத்தில், வேதி லேசரின் பயனுறுதிறனைப் பற்றி எழுதுபவர்கள் சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது பாதிக் கணக்கு. ஒரு கிலோ சரக்குக்கு எத்தனை கிலோஜூல் ஒளி என்று கேட்பதே முழுக் கணக்கு.

நான் படித்த காலத்தில் வேதி லேசர் என்றால் ஹைட்ரஜன் புளோரைடு லேசரைத்தான் சொல்லுவார்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே?
– ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், பொள்ளாச்சி

விட்டது பிழைதான். வரலாற்றில் அதற்கே முன்னுரிமை. ஜான் பொலானி 1960-களின் தொடக்கத்தில் யோசனையைக் கொடுத்தார்; பெர்க்லியில் காஸ்பர், பிமென்டல் இருவரும் 1965-ல் ஹைட்ரஜன் குளோரைடைக் கொண்டு முதல் வேதி லேசரை இயக்கிக் காட்டினார்கள்; புளோரின் அதற்குப் பின் வந்தது. புளோரின் அணு ஹைட்ரஜன் மூலக்கூறோடு வினைபுரியும்போது மோலுக்கு ஏறத்தாழ 132 கிலோஜூல் வெளிவருகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு, புதிதாகப் பிறந்த ஹைட்ரஜன் புளோரைடின் அதிர்வாகவே சேர்கிறது. பிறக்கும்போதே இரண்டாம் அதிர்வு மட்டத்தில் கூட்டம் மிகுதி. எந்த வெளியுதவியும் இல்லாமல் இயற்கை தானாகவே தலைகீழ் நிரப்பலை, அதாவது கீழ்மட்டத்தைவிட மேல்மட்டத்தில் கூட்டம் மிகுந்திருக்கும், லேசருக்கு வேண்டிய நிலையைச் செய்துகொடுக்கும் அழகான வினை இது.

ஆனால் பிறந்த பிள்ளைகளே ஒன்றையொன்று அடித்து அடக்கிவிடும். ஹைட்ரஜன் புளோரைடின் அதிர்வைக் கெடுப்பதில் ஹைட்ரஜன் புளோரைடுக்கு நிகர் வேறில்லை. எனவே இங்கும் குறைந்த அழுத்தம், நுண்ணிய நாசில் வரிசைகள், மிகுந்த ஹீலியம், ஒலியை மிஞ்சிய ஓட்டம் என்ற அதே மருந்துகள். புளோரின் அணுக்களைப் பெறவே முன்னால் ஓர் எரிகலம் வேண்டும். அங்கே செலவாகும் எரிபொருளும் கணக்கில் ஏறும். இன்னொரு குறை அலைநீளத்தில்: 2.7 முதல் 3 மைக்ரான் வரையுள்ள அதன் ஒளியைக் காற்றிலுள்ள நீராவி விழுங்கிவிடும். ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டிரியத்தைக் கொண்டால் ஒளி 3.6 முதல் 4.2 மைக்ரானுக்குத் தள்ளிப்போய்க் காற்றைக் கடக்கும். 1980-ல் இயங்கத் தொடங்கி, பின்னர் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் வைக்கப்பட்ட மிராக்கிள் என்ற மெகாவாட் தர லேசர் இந்த வகையே. அதன் எரிகலத்தில் எத்திலீனும் நைட்ரஜன் டிரைபுளோரைடும் எரிந்தன. ஏவுகணை எஞ்சினைப் படுக்கவைத்து, அதன் புகைபோக்கியின் இருபுறமும் ஆடி வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி ஓர் அமைப்பு.

தகடு வெட்டும் தொழிலுக்கு வேதி லேசர் வருமா? விமானத்தில் வைத்தது என்ன ஆயிற்று?
– லேசர் கட்டிங் நடத்துபவர், கரூர்

வராது. 1.315 மைக்ரான் ஒளி கண்ணாடி இழைக்குள் நன்றாகப் பயணிக்கும் என்பதால் ஜப்பானில் ஆலைப் பயன்பாட்டுக்கென்று ஒரு கிலோவாட் தரத்தில் செய்து பார்த்தார்கள்; பயன்பாடு முடிந்த அணு உலைகளைத் தொலைவிலிருந்து துண்டு போடுவதற்கு உதவும் என்ற எண்ணமும் இருந்தது. நீங்கள் வைத்திருக்கும் ஃபைபர் இயந்திரத்துக்குச் சுவரில் ஒரு இணைப்பும் தண்ணீர்ச் சில்லரும் போதும். அந்த வேலைக்குக் குளோரின் உருளையும் பெராக்சைடு தொட்டியும் கார நீர்க் கழிவும் யாருக்கு வேண்டும்? நம் பக்கத்தில் கழிவுநீரைப் பற்றி விளக்கிச் சொல்ல வேண்டியதும் இல்லை.

விமானம் ஒரு போயிங் 747 சரக்கு விமானம். ஆறு தொகுதிகளாக ஆக்சிஜன்–அயோடின் லேசர் அதன் உடலின் பின்பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. மூக்கில் ஒன்றரை மீட்டர் ஆடி. 2010 பிப்ரவரி 11 அன்று கலிஃபோர்னியா கடற்கரைக்கு அப்பால், மேலெழும் ஏவுகணை ஒன்றை அது வானிலேயே அழித்தது. 4 மில்லிவாட்டிலிருந்து மெகாவாட் தரத்துக்கு, அதாவது சுமார் 25 கோடி மடங்குக்கு, 33 ஆண்டுகளில் வந்து சேர்ந்தார்கள். வேதியியலில் எதுவும் தோற்கவில்லை. ஆனால் அவ்வளவு பெரிய விமானத்தில் சுமந்த லேசரும் போதிய தூரத்துக்கு எட்டவில்லை. பயன்படும் தூரத்திலிருந்து சுட அதைப் போல 20 முதல் 30 மடங்கு ஆற்றல் வேண்டும் என்று அன்றைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் நாடாளுமன்றத்தில் சொன்னார். பயனுறுதிறனில் ஐந்து சதவீதம், பத்து சதவீதம் என்று பிடித்துவந்தவர்களிடம் முப்பது மடங்கு கேட்டால் என்ன செய்வார்கள்? குளோரினின் ஒவ்வொரு மூலக்கூறும் ஃபோட்டானாக மாறினாலும் கிடைப்பது மூன்று, நான்கு மடங்குதான். 2011 டிசம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. 2014-ல் விமானத்தை அரிசோனாவில் உடைத்தார்கள்.

நம் நாட்டிலும் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் டெல்லி லேசர் ஆய்வகத்தில் ஆக்சிஜன்–அயோடின் லேசரைப் பற்றி நெடுநாள் பணி நடந்தது. ஆனால் 2025 ஏப்ரலில் கர்னூல் திடலில் அந்நிறுவனம் காட்டிய 30 கிலோவாட் ஆயுதம், உங்கள் பட்டறையில் தகடு வெட்டுகிறதே, அந்த ஃபைபர் வகையைச் சேர்ந்தது.